மூதாட்டியர் தோள்முறிவும் பூட்டுத் தகடும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், வயலுக்கும் நீருக்கும் இடையே அமைந்து, திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பினாற் சுற்றுப்புறமெங்கும் பெயர்பெற்று விளங்கும் பழுகாமத்திலே, அறுபது கடந்த ஸ்திரீ ஒருத்தி தோள் முறிந்து கிடக்கிறாள் என்று கேள்வியுற்றால், அவள் மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ விழுந்தாள் என்று எவரும் எண்ணுவதில்லை. கிணற்றடிப் பாசியில் வழுக்கியிருப்பாள்; மாரி காலத்து முற்றத்துச் சேற்றிலே கால் சறுக்கியிருப்பாள்; அல்லது இரவில் விளக்கேற்றாமல் எழுந்து வாசற்படியில் இடறியிருப்பாள். நின்ற உயரத்திலிருந்து விழும் அவ்வளவு சிறிய வீழ்ச்சிக்கே என்பு முறிகிறதென்றால், அம்முறிவுக்கு அன்றைய வீழ்ச்சியைவிடப் பல்லாண்டுகளாக உள்ளே நலிந்து வந்த என்பே பெருங்காரணம் என்பதை முதலில் மனத்திற்கொள்ளல் வேண்டும். வளர்ந்தோருக்கு நேரும் முறிவுகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 புயவென்பின் மேல்முனையில் நேர்வன. என்பு நலிவினால் வரும் முறிவுகளுள் இடுப்பு, மணிக்கட்டு ஆகியவற்றுக்கு அடுத்த ஸ்தானத்தில் இதனை வைத்து எண்ணுவது வைத்திய நூலார் வழக்கம். ஆடவரினும் பெண்டிர்க்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் 12.4 வீதமாக இருந்தனர். அவ்வீதம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே செல்கிறது.

முறிந்த அன்றைக்கு வலியே பெரிதாயிருக்கும். மூன்றாம் நாள் விடியும்போது, தோளில் கசிந்த இரத்தம் தோலின் கீழாக இறங்கி, முழங்கை வரையிலும் ஒருபுற மார்பு வரையிலும் கருநீலமாகப் பரந்து நிற்பதைக் கண்டு வீட்டார் கலங்கிப்போகின்றனர். அந்நிறம் பின்பு பச்சையாகி, மஞ்சளாகித் தானே மறையும் என்பதையும், அது முறிவின் கொடுமைக்கு அளவுகோலன்று என்பதையும் வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிக் கலக்கம் தீரும். மட்டக்களப்புத் தமிழரிடையே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியே இறங்குவன ஆதலின், பெத்தா என்று அழைக்கப்படும் மூதாட்டி இருப்பது மகளின் வீட்டிலேயே. அவளைக் குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் ஊட்டுவதும் மகளின் பொறுப்பாகவே முடிகின்றன. வைத்தியசாலையிலே முதற் கேள்வியைக் கேட்பவளும் அவளே: "தகடு வைக்காட்டி அம்மாட கை சரிவருமா டொக்டர்?"

இக்கேள்விக்கு விடை கூறப் புகுந்த ஆராய்ச்சிகள் கடந்த இருபது ஆண்டுகளில் மிகப் பல. தகடு நன்றா, ஆணி நன்றா, செயற்கை மூட்டு நன்றா என்று ஒன்றோடொன்றை ஒப்பிட்ட கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து பயிலும் ஒருவனுக்கு வியப்பைத் தருவது யாதெனில், கருவிகளுக்குள் வேற்றுமை காண முயன்றவர் பலராயினும், கருவியே வேண்டுமா என்று கேட்டவர் நெடுங்காலம் சிலராகவே இருந்தனர் என்பதாம். அச்சிலர் கேட்ட கேள்வியே பிற்பாடு எல்லாவற்றையும் புரட்டிவிட்டது. ஆயினும் அதற்குள் நுழையுமுன் முறியும் என்பின் அமைப்பை ஒருசிறிது காண்போம்.

புயவென்பின் மேல்முனையிலே உருண்டு மழமழப்பான தலையொன்று தோட்பட்டையின் ஆழமற்ற குழியில் அமர்ந்து சுழல்கிறது. அத்தலையின் அடியில், வெளிப்புறமாகப் பெரும்புடைப்பும் முன்புறமாகச் சிறுபுடைப்பும் உள்ளன. கையைத் தூக்கவும் திருப்பவும் செய்கின்ற தசைகளின் நாண்கள் இவ்விரண்டு புடைப்புகளிலேயே வந்து பற்றுகின்றன. இவற்றின் கீழே தண்டு. அமெரிக்கச் சத்திர வைத்தியரான கொட்மன், 1934இல் வெளியிட்ட தம் நூலில், முறிவு எவ்வளவு சிதறலாகத் தோன்றினும், தலை, பெரும்புடைப்பு, சிறுபுடைப்பு, தண்டு என்னும் இந்நான்கு கூறுகளின் வழியே பிளப்பதே இயல்பென்று காட்டினார். நியூயோர்க்கில் பணியாற்றிய சார்ள்ஸ் நியர் அதனை 1970இல் விரித்து, ஒரு கூறு மற்றொன்றிலிருந்து 1 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினாலோ 45 பாகைக்கு மேல் சாய்ந்தாலோ அதனைத் தனிக் கூறாக எண்ணல் வேண்டுமென்று விதித்து, இருகூற்று, முக்கூற்று, நாற்கூற்று முறிவுகளென வகுத்தார். இன்றும் வாட்டுகளில் வழங்குவது இவ்வகுப்பே. எனினும், ஒரே எக்ஸ்ரேயைத் தேர்ந்த இருவர் பார்த்து ஒருவர் முக்கூறென்றும் மற்றவர் நாற்கூறென்றும் சொல்லும் சம்பவங்கள் அருமையல்ல; வகுப்பிலேயே இத்துணை ஐயம் இருக்கையில், அவ்வகுப்பின்மேற் கட்டிய சிகிச்சை விதிகள் எவ்வளவு உறுதியாயிருத்தல் கூடும் என்பது சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது பிரச்சினை இரத்தம் பற்றியது. தலைக்குச் செல்லும் நாளங்கள் முறிவினால் அறுந்துபோயின், எவ்வளவு செவ்விதாகப் பொருத்தினும் அத்தலை மாய்ந்து சரிந்துவிடலாம். முன்புற நாளமே தலையைப் பெரிதும் போஷிப்பது என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். 2010இல் வெளியான ஆய்வொன்று, பின்புற நாளமே 64 வீத இரத்தத்தைக் கொண்டு செல்கிறதென்று காட்டி, நாற்கூற்று முறிவிலும் தலை பலமுறை பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் விளக்கிற்று. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்து ஹேர்ட்டெல் என்பார் 2004இல், தலையோடு ஒட்டி நிற்கும் உட்புறக் கழுத்தின் நீளம் 8 மில்லிமீற்றரிலுங் குறைவாயிருந்து, உட்புறக் கீல் 2 மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால் இரத்தவோட்டம் தடைப்பட்டிருத்தல் கூடுமென்று கணித்தார். சில ஆண்டுகளுக்குப் பின்பு அவரே தம் நோயாளரைத் தொடர்ந்து பார்த்து, அன்று இரத்தமிழந்த தலைகள் எல்லாம் பின்னர் மாய்ந்துபோகவில்லை என்று அறிவித்தார். தம் பிரமாணத்தைத் தாமே திருத்தும் இத்தகைய நேர்மையை மருத்துவ இலக்கியத்திற் காண்பது மனத்துக்கு இதமளிப்பது.

சத்திரமின்றி முறிவைக் கூட்டும் கலை நம்மிடையே பழமையானது. சுசுருத சங்கிதை, மூட்டு விலகுதலை ஆறாகவும் தண்டு முறிதலைப் பன்னிரண்டாகவும் வகுத்து, மூங்கிலும் மரப்பட்டையும் வைத்துக் கட்டும் முறையைக் கூறுகையில், கட்டு நெகிழ்ந்தால் என்பு நிலையாது, இறுகினால் வீங்கும் என்று எச்சரிக்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கொருமுறையும் வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கொருமுறையும் கட்டை மாற்றச் சொல்கிறது. இளையோர்க்கு ஒரு மாதத்திற் கூடும் என்பு முதியோர்க்கு மூன்று மாதம் கொள்ளும் என்றும் கணக்கிடுகிறது. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரிமார் நம் பிரதேசத்தில் இன்றும் உளர். யாழ்ப்பாணத்தார் ஒட்டகப்புலத்தை நாடுவதுபோல, இங்கும் ஊருக்கு ஊர் பெயர்பெற்ற கைகள் உண்டு. எண்ணெய் பூசிப் பத்துப் போட்டு மட்டை வைத்துக் கட்டும் அவர்களிடம் சென்ற தோள்முறிவுகள் பல நன்றாகக் கூடியே இருக்கின்றன. ஆராய்ச்சி காட்டியவாறு, இம்முறிவுகளுட் பெரும்பாலானவை எவர் கட்டினும், தூக்குத்துணியில் சும்மா விட்டாலும் கூடுபவையே ஆதலின் அதில் வியப்பில்லை. ஆதலால், பிற்கால ஆராய்ச்சியின் முடிவு பரியாரியாரின் வழக்கத்தோடு ஒத்திருக்கிறதென்பதை வைத்து அவ்வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளல் ஆகாது. முறிவோடு மூட்டும் விலகியிருப்பதை எக்ஸ்ரே இன்றி அறிதல் அரிது; விலகிய மூட்டின்மேல் இட்ட கட்டு அந்தக் கையைக் கெடுத்தே விடும். ஆறு வாரம், எட்டு வாரமென்று அசையாமற் கட்டிவைத்தால் முதியவளின் தோள் உறைந்துபோகும். இவ்விரண்டு குறைகளையும் நீக்கிக்கொண்டால் பரியாரியாரின் கட்டுக்கும் வைத்தியசாலையின் தூக்குத்துணிக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், தோலின் வழியே செலுத்திய கம்பிகளும், புடைப்புகளை இழுத்துக் கட்டிய கம்பிக் கண்ணிகளும், சாதாரணத் தகடுகளும் வழங்கின. சாதாரணத் தகட்டிலே திருகாணி என்பைத் தகட்டோடு இறுக்கிப் பிடிப்பதனால்தான் நிலைபேறு உண்டாகிறது. என்பு நொய்தாயின் அப்பிடி சில வாரங்களிற் கழன்றுவிடும். இக்குறையை நீக்க எழுந்ததே பூட்டுத் தகடு. அதில் திருகாணியின் தலையிலும் தகட்டின் துளையிலும் புரி வெட்டப்பட்டிருப்பதால், ஆணியும் தகடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, ஒரே கோணத்தில் நிற்கும் ஒற்றை உபகரணமாகிவிடுகின்றன. புயவென்பின் வளைவுக்கேற்ப வார்த்த இத்தகைய தகடுகள் 2000ஆம் ஆண்டையடுத்து உலகெங்கும் பரவின. நம் நாட்டுத் தியேட்டர்களிலும் தோள் முறிவுக்குத் தகடு வைப்பதென்றால் இன்று கருதப்படுவது இதுவே.

அதனைப் பொருத்தும் விதம் நுட்பமானது. தோளின் முன்புறம் இரண்டு பெருந்தசைகளுக்கு நடுவே வழி பிரித்து உட்சென்று, புடைப்புகளில் பற்றிய நாண்களினூடாக வலிய நூல்களைக் கோத்து, அந்நூல்களை இழுத்தே சிதறிய துண்டுகளை அவற்றின் இடத்துக்குக் கொண்டுவருகின்றனர். என்பையே நேராகப் பற்றினால் அது நொறுங்கிவிடும். தகட்டின் மேல்விளிம்பு பெரும்புடைப்பின் உச்சிக்கு 5 முதல் 8 மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும். மேலேறினால், கையைத் தூக்குந்தோறும் தோள்முடியில் இடிக்கும். திருகாணிகள் தலையின் மழமழப்பான பரப்பைத் துளையாமல், அதற்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் உள்ளேயே நின்றுவிடல் வேண்டும். உட்புறக் கழுத்தை ஒட்டிச் சாய்வாக மேலேறும் ஓர் ஆணி, தலை உட்பக்கம் கவிழாமல் தாங்குவதற்கு இன்றியமையாதது. தோள்முடிக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் கீழே என்பைச் சுற்றி ஓடும் கக்க நரம்பையும் காத்தல் வேண்டும். இவை யாவும் எக்ஸ்ரேத் திரையைப் பார்த்தவண்ணம் நிகழும்; கடைசியில் நூல்களைத் தகட்டின் துளைகளிற் கட்டி முடிக்கும்போதுதான் சத்திரம் நிறைவுறுகிறது.

இத்துணை நுட்பமாக வைத்தும் பல தகடுகள் தோற்றன. ஐரோப்பிய வைத்தியசாலைகள் பல சேர்ந்து 187 நோயாளரைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் ஒருவருக்கு ஏதேனுமொரு சிக்கல் நேர்ந்தது. 19 வீதத்தார்க்கு ஓராண்டுக்குள் எதிர்பாராத மறுசத்திரம் வேண்டியதாயிற்று. நேர்ந்த சிக்கல்களில் 40 வீதமானவை, சத்திரம் முடிந்த அக்கணமே, ஆணி தலையைத் துளைத்து நிற்பது முதலிய கைப்பிழைகளாக இருந்தன. அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த அறிக்கையொன்றின்படி, அறுபது வயதைக் கடந்து முக்கூறாகவோ நாற்கூறாகவோ முறிந்தவர்களுள் 43 வீதத்தாரிடம் ஆணி தலையைக் கிழித்து வெளியேறியிருந்தது. காரணம் எளிது: தகடும் ஆணியும் பூட்டிக்கொள்கின்றன, ஆனால் ஆணியும் என்பும் பூட்டிக்கொள்வதில்லை. கறையான் அரித்த தூணில் எவ்வளவு நல்ல ஆணியை அடித்தாலும் ஆணி வளையாது, மரம்தான் விட்டுக்கொடுக்கும். நலிந்த தலை மெல்லச் சரிகையில், பூட்டுண்ட ஆணிகள் தம் இடத்தினின்று சிறிதும் அசையாது நிற்பதனாலேயே தலையைத் துளைத்து வெளிவந்து, எதிரேயுள்ள தோட்பட்டைக் குழியை அராவுகின்றன. சாதாரணத் தகடு கழன்று விழுந்த இடத்தில், பூட்டுத் தகடு கழலாமல் நின்று மூட்டையே தின்றுவிடுகிறது. ஆணி முனைகளில் சீமெந்து செலுத்தியும், உள்ளே துணையென்பு வைத்தும் இதனைத் தடுக்க முயன்றனர். முயற்சி சிறந்ததே, பயன் ஐயத்துக்குரியது.

இந்நிலையில்தான், சத்திரமே செய்யாதவரோடு சத்திரம் செய்தவரை ஒப்பிட்டால் என்ன என்ற கேள்வி எழுந்தது. நோர்வேயிலும் சுவீடனிலும் 50, 60 பேரைக் கொண்டு சிறு பரீட்சைகள் நடந்தன. சுவீடன் பரீட்சையில் தகடு வைத்தவர் சிறிது நலம் பெற்றதுபோலத் தோன்றினும், அவர்களுள் 30 வீதத்தார் மீண்டும் சத்திரத்துக்கு உட்பட வேண்டியிருந்தது. பின்னர் பிரித்தானியாவில், அமர் ரங்கன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரின் தலைமையில், 32 அரச வைத்தியசாலைகள் சேர்ந்து, 2008 செப்டெம்பருக்கும் 2011 ஏப்பிரலுக்கும் இடையே 250 நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பாதிக்குச் சத்திரமும் மறு பாதிக்குத் தூக்குத்துணியும் அளித்தனர். புரொஃபர் எனப்படும் இப்பரீட்சையில் பங்கேற்றோரின் சராசரி வயது 66. நூற்றுக்கு 77 பேர் பெண்கள். செய்த சத்திரங்களுட் பெரும்பாலானவை பூட்டுத் தகடே. 2015 மார்ச்சில் வெளியான முடிவு இது: 48 புள்ளி கொண்ட ஒக்ஸ்போட் தோள் அளவையில், இரண்டாண்டுகளிற் சத்திரத்தார் சராசரியாக 39.07 பெற்றனர், சத்திரமில்லாதார் 38.32 பெற்றனர். முக்காற் புள்ளி வேற்றுமை. நோயாளி உணரவே முடியாத வேற்றுமை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் இந்நிலை மாறவில்லை.

சத்திர வைத்தியர்கள் இதனை எளிதில் ஒப்பவில்லை. அவர்களுடைய ஆட்சேபங்களும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. தலை மூட்டைவிட்டு விலகிய முறிவுகள் பரீட்சையிற் சேர்க்கப்படவில்லை. சத்திரம் நிச்சயம் வேண்டுமென்று வைத்தியர் கருதியோரும் வெளியே நிறுத்தப்பட்டனர். தகுதியுடையோருட் பலர் குலுக்கலுக்கு இசையவில்லை. ஆகவே எல்லா முறிவுக்கும் இம்முடிவு பொருந்தும் என்பது மிகை. ஆயினும், சத்திரமா தூக்குத்துணியா என்று ஐயுறத்தக்க நடுத்தர முறிவுகளுக்கு, அதாவது நம் பெத்தாமாருக்கு வழக்கமாக நேரும் முறிவுகளுக்கு, இதைவிட வலிய பிரமாணம் இல்லை. அறுபது கடந்தோரின் இருகூற்று முறிவை மாத்திரம் எடுத்துக்கொண்டு வட ஐரோப்பிய நாடுகளில் 88 பேரிடம் நடந்து 2019இல் வெளியான பரீட்சையும் இதனையே சொல்லிற்று. 2022இல் கொக்ரேன் குழுவினர் 47 பரீட்சைகளையும் அவற்றிற் பங்குபற்றிய 3179 பேரையும் ஒருங்கே ஆராய்ந்து, விலகிய முறிவுகளுட் பெரும்பாலானவற்றுக்குச் சத்திரம் ஓராண்டிலும் ஈராண்டிலும் மேலான பயன் தருவதில்லை என்று உறுதியாக எழுதினர்.

மச்சைக் குழிக்குள்ளே செலுத்தும் ஆணியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சீனாவில் 51 பேரிடம் செய்த பரீட்சை, தகட்டுக்கு 31 வீதச் சிக்கலும் ஆணிக்கு 4 வீதமும் காட்டிற்று. பிரேசிலில் 72 பேரிடம் செய்த பரீட்சையோ, ஆணிக்கே சிக்கலும் மறுசத்திரமும் மிகுதியென்றது. கையின் பயனிலோ இரண்டிலும் நெடுநாள் வேற்றுமை இல்லை. ஒரு கருவி ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்குமாயின், வேற்றுமை கருவியிலன்று, அதனைப் பிடித்த கையின் பழக்கத்தில் இருக்கிறதென்றே யான் கொள்வேன்.

செயற்கை மூட்டின் கதை வேறு. பாரிஸ் நகரத்துப் பேயான் என்பவர், காசநோயினால் தோள் அழிந்த ரொட்டிசுடும் தொழிலாளி ஒருவருக்கு 1893இலேயே பிளாற்றினமும் றப்பரும் கொண்டு மூட்டொன்று செய்துவைத்தார். இரண்டாண்டுகளில் கிருமி புகுந்ததால் அதனை எடுத்துவிட நேர்ந்தது. முறிவுக்கென உலோகத் தலையை உருவாக்கி 1955இல் எழுதியவர் மேலே கூறிய நியரே. அவ்வரைமூட்டு வலியைத் தணித்தது. ஆனால் கை தூக்குவது, உலோகத்தின்மேற் கட்டிய புடைப்புகள் கூடுவதைச் சார்ந்திருந்தமையால், நலிந்த என்புடையோரிடம் புடைப்புகள் கரைந்துபோக, கை மார்பளவில் நின்றுவிட்டது. பிரான்சின் டிஜோன் நகரில் போல் கிராமொன் 1985இல் இதற்கொரு விசித்திரமான பரிகாரம் கண்டார்: குழி இருந்த தோட்பட்டையில் உருண்டையையும், உருண்டை இருந்த புயவென்பில் குழியையும் வைத்துச் சந்தியைத் தலைகீழாக்கினார். சுழற்சியின் மையம் உள்ளும் கீழும் இறங்கியதால், சிறு நாண்கள் அழிந்தாலும் தோளை மூடிய பெருந்தசை ஒன்றே கையைத் தூக்க வல்லதாயிற்று. எழுபது கடந்த 62 பேரிடம் அரைமூட்டையும் தலைகீழ் மூட்டையும் ஒப்பிட்ட ஸ்பானியப் பரீட்சையில், 100 புள்ளி கொண்ட கொன்ஸ்டன்ற் அளவையில் முன்னது 40.0உம் பின்னது 56.1உம் பெற்றன. நோர்வேயின் டெல்பி பரீட்சை, 65 முதல் 85 வயதுடைய 124 பேரின் கடும் முறிவுகளில் பூட்டுத் தகட்டோடு தலைகீழ் மூட்டை ஒப்பிட்டு, அதே அளவையில் 54.6க்கு 68.0 என்று 2020இல் அறிவித்தது.

இவ்வெண்களைக் கண்டு தலைகீழ் மூட்டே முடிவான விடையென்று துள்ளுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: டெல்பி பரீட்சையில் தூக்குத்துணிக்கு இடமே இல்லை. தகடு, சும்மா விடுவதைவிட மேலன்று என்று அறிந்த பின்பு, தகட்டை வென்ற ஒன்று சும்மா விடுவதை வெல்லுமா என்பதன்றோ கேள்வி? எண்பது கடந்தோரிடம் மத்ரித் நகரில் தலைகீழ் மூட்டையும் தூக்குத்துணியையும் நேராக ஒப்பிட்ட சிறு பரீட்சையில் ஓராண்டில் கண்ட வேற்றுமை சிறியதே. அரைமூட்டு, தலைகீழ் மூட்டு, தூக்குத்துணி என்னும் மூன்றையும் 65 கடந்தோரிடம் ஒருங்கே ஒப்பிடும் பரீட்சையைப் பிரித்தானியர் பின்னர் தொடங்கியதும் இது பற்றியே.

பழுகாமத்தினின்று நோக்கும்போது கணக்கு இன்னும் சிறிது மாறுகிறது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குச் செல்வது இன்று எளிது. படுவான்கரை உள்நாட்டு யுத்தத்தின் மறுகரையாயிருந்து, 2007 வரை அப்பாலத்துப் போக்குவரத்து சோதனைக்குரியதாயிருந்த காலத்தை நினைத்தால் அவ்வெளிமையும் புதிதே. பெருஞ்சத்திரம் வேண்டுமாயின், அங்கிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீற்றர் சென்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். தலைகீழ் மூட்டு மிகுந்த விலையுடையது. அதனைப் பொருத்தும் பயிற்சி எல்லா இடத்தும் கிட்டுவதில்லை. பொருத்தியபின் கிருமி புகுந்தால் அதைத் திருத்துவது முன்னையதினும் பெரிய சத்திரம். ஆயினும் காலந்தாழ்த்தாமல் அனுப்பியே தீர வேண்டிய முறிவுகள் சில உள: தலை மூட்டைவிட்டு வெளியேறிக் கிடப்பது, தலையே இரண்டாகப் பிளந்தது, கையிலே நாடி குன்றி விரல் குளிர்ந்தது, தோல் கிழிந்து என்பு தெரிவது. இவற்றுள் முதலாவதை நேர்முக எக்ஸ்ரே ஒன்றே எடுத்து விட்டுவிடுவதனால் தவறவிடுவது எளிது. பக்கவாட்டிலிருந்தோ கக்கத்தின் வழியாகவோ இரண்டாவது படம் எடுக்கும்படி கேட்பது வீட்டாரின் உரிமையுமாகும். கக்க நரம்பு பழுதுற்றதா என்று அறிய, தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி உண்டாவென்று விரலால் தொட்டுப் பார்ப்பதற்கு யந்திரம் ஏதும் வேண்டியதில்லை.

சத்திரம் வேண்டாத ஏனையோருக்கு, முதல் வாரத்திலிருந்தே செய்ய வேண்டிய பயிற்சியில்தான் உண்மையான சிகிச்சை இருக்கிறது. முறிந்தது அசையாதிருக்க வேண்டுமென்ற நம்பிக்கை ஆழப் பதிந்த வீடுகளில் இதனை நடத்துவது எளிதன்று. ஒரு வாரத்துக்குள் அசைக்கத் தொடங்கியோர், மூன்று வாரம் கட்டிவைத்தோரைவிட விரைவில் வலி நீங்கிக் கைப்பயன் பெற்றனர் என்பதைப் பரீட்சைகள் காட்டியுள்ளன. பெத்தா மேசை விளிம்பை நல்ல கையாற் பற்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்கிறாள். தூக்குத்துணியினின்று விடுபட்ட கை தன் பாரத்தால் தானே தொங்குகிறது. உடலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால், கை முயற்சியின்றிச் சிறு வட்டமிடுகிறது. "பயப்படாதீங்க அம்மா, நீங்க தூக்க வேணாம், அது தானா ஆடட்டும்" என்று பிசியோதெரபி கற்பிப்பவர் சொல்லிக்கொண்டே நிற்பார். பத்துச் சுற்று முடிந்ததும் அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்திருக்கும். அதே குனிந்த நிலையிலே கக்கத்தைக் கழுவி உலர்த்திப் பருத்தித் துணியொன்றை மடித்து வைத்தால், இக்கரை வெக்கையில் அங்கே புண் வாராது. இரவில் மல்லாந்து படுத்தால் முறிவு நோகும். சாய்கதிரையில் முதுகை உயர்த்தி, முழங்கையின் கீழே தலையணை கொடுத்துத் தூங்குவதே முதல் மூன்று வாரங்களுக்கு ஏற்றது. மூன்றாம் வாரமளவில் நல்ல கையால் நொந்த கையைத் தூக்கும் பயிற்சியும், ஆறாம் வாரத்திற்குப் பின் தானாகத் தூக்குவதும் தொடரும். கை முழுவதும் முன்போல் மேலே செல்லாது என்பதை முதலிலேயே சொல்லிவிடல் நன்று. கூந்தல் முடியவும் சேலைத் தலைப்பைத் தோளிலிடவும் சோறு பிசைந்துண்ணவும் போதுமான அளவு பெரும்பாலார்க்கு வந்துவிடும்.

தகடா ஆணியா என்ற விவாதத்தில் முற்றும் மறைந்துபோவது மற்றொரு விஷயம். அமெரிக்காவில் 65 கடந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று, தோள் முறிந்த ஓராண்டுக்குள் இடுப்பு முறியும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேற்படுகிறதென்று 2009இற் காட்டிற்று. இடுப்பு முறிவு தோள்முறிவைப் போன்றதன்று. அதற்குச் சத்திரம் தவிர்க்கவொண்ணாதது, அதன்பின் எழுந்து நடவாமலே போவோரும் உளர். ஆகவே தோளுக்குக் கட்டுப்போட்ட அன்றே என்பு நலிவுக்கான சிகிச்சையைத் தொடங்குவதற்கு வழிகாட்டியிருக்க வேண்டும். இலங்கையருக்கென வகுத்த அபாயக் கணிப்பு முறையும் இணையத்தில் உண்டு. அதற்கு வயது, நிறை, உயரம், முன்னைய முறிவு முதலிய சில விவரங்களே போதும், என்பின் அடர்த்தியை அளக்கும் யந்திரம் இல்லாமலே கணக்கிடலாம். வாரத்துக்கொருமுறை 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேற் குளிகையை வெறுவயிற்றில் நிறைந்த தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் உண்ணாமலும் இருத்தல் வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அது ஆகாது. கிணற்றடியின் பாசியைச் சுரண்டி மணல் போடுவதும், இரவில் எழும் வழியில் ஒரு விளக்கை எரிய விடுவதும் எவரும் குறித்துக் கொடுக்காத மருந்துகள்; தோள் கிளினிக்கின் சிட்டையில் அவற்றுக்கெனத் தனியே ஒரு வரி இருந்தாலென்ன என்று எனக்குத் தோன்றுகிறது.